அஞ்சலை வீட்டில் சொல்லக்கூடாத வார்த்தை

எனக்குப் பிறகு எங்கள் பால்வாடிக்கு வந்திருக்கும் பெண் நல்ல பெண். படித்தவள், சுறுசுறுப்பு, பிள்ளைகளிடம் எரிந்து விழுவதில்லை. ஒரே குறை, எதையும் செல்போனில் காட்டித்தான் பேசுவாள். போன வாரம் வீட்டுக்கு வந்து ஒரு வீடியோவைக் காட்டினாள். வெள்ளைத் தரை, வெள்ளைச் சுவர், நடுவில் ஒரு வெள்ளைக்காரக் குழந்தை. அதன் முன்னால் கலர் கலராக ஜெல் அடைத்த பை, பேட்டரி போட்டால் மினுக்கும் பந்து, இன்னும் என்னென்னவோ.

"இதுக்குப் பேரு சென்சரி ப்ளே டீச்சர். நம்ம ஊரு அம்மாங்களே ஆன்லைன்ல ஆர்டர் போடறாங்க. ஆனா கேட்டா, இதெல்லாம் ஜெயமேரி டீச்சர் அப்பவே வீட்டு வீட்டுக்குப் போயி செஞ்சாங்களேன்னு சொல்றாங்க. வீட்ல இருக்கறத வச்சி என்னென்ன செஞ்சீங்கன்னு எழுதிக் குடுங்களேன், குரூப்ல போடறேன்."

சரி என்று சொல்லிவிட்டேன். எழுத உட்கார்ந்தால் பொம்மை ஞாபகம் வரவில்லை, அஞ்சலை ஞாபகம்தான் வருகிறது. அதனால் அவளைப் பற்றியே எழுதிவிடுகிறேன். விளையாட்டுகள் நடுநடுவே வரும். வேண்டியவர்கள் பொறுக்கிக்கொள்ளட்டும்.

நான் வேலையில் சேர்ந்தபோது விழுப்புரத்தில் பயிற்சி கொடுத்தார்கள். பாட்டு, கதை, அட்டைப் படம், எடை போடுவது, சத்துமாவு கிண்டுவது எல்லாம் அதில் உண்டு. மூன்று வயதுப் பிள்ளையை அடிக்காமல் உட்கார வைக்கும் வித்தையும் உண்டு. ஆனால் உட்காரவே தெரியாத கைக்குழந்தையோடு என்ன விளையாடுவது என்று அங்கே யாரும் பேசவில்லை. கைக்குழந்தை என்றால் குளிப்பாட்டி, பால் கொடுத்து, தூளியில் போட்டால் முடிந்தது என்றுதான் நானும் நினைத்திருந்தேன். எனக்கு அதைக் கற்றுக்கொடுத்தவர் எங்கள் சூப்பர்வைசர் சரோஜா மேடம்.

மேடத்துக்கு நாங்கள் எல்லோரும் பயப்படுவோம். கத்த மாட்டார். அதுதான் பயம். நாம் பெருமையாக, "மேடம், இன்னைக்கு அந்த வீட்ல கிலுகிலுப்ப ஆட்டினேன், தண்ணி விளையாட்டு வச்சேன், பாட்டுப் பாடினேன்" என்று அடுக்கினால் முழுவதையும் கேட்டுவிட்டு, "நீங்க என்ன பண்ணீங்கன்னு நா கேக்கலியே. கொழந்த என்ன பண்ணுச்சு?" என்பார். "நாளைக்குப் போயி, கொழந்த என்ன பண்ணுதுன்னு வந்து சொல்லுங்க" என்று குடையை எடுத்துக்கொண்டு கிளம்பிவிடுவார்.

ஒரு வீட்டுக்குப் போனால் அவர் செய்யும் காரியங்களில் ஒரு வரிசை இருக்கும், அது மாறவே மாறாது. சோப்புப் போட்டுக் கை கழுவுவார். வாட்சையும் மோதிரத்தையும் கழற்றிப் பைக்குள் போடுவார். வாசலில் நின்றபடியே, "சரோஜா வந்திருக்கேன்" என்று குழந்தையைப் பார்த்துச் சொல்வார். மந்திரியிடம் சொல்வதுபோல அவ்வளவு மரியாதையாகச் சொல்வார். முதல் தடவை எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அவருக்கு வரவில்லை. பிறகு உட்கார்ந்து ஒரே ஒரு பொருளை எடுப்பார். காய்ந்த பீர்க்கங்காய் நார்க் கூடு, ஈரத்துணி, புளியங்கொட்டை போட்டு மூடியை இறுக ஒட்டிய பாட்டில், இப்படி ஏதாவது ஒன்று. அதைக் குழந்தையின் கையில் திணிக்க மாட்டார். புறங்கையில் லேசாகப் படும்படி வைத்துவிட்டுக் காத்திருப்பார். குழந்தையே திறந்து பிடித்தால் உண்டு. முகத்தைத் திருப்பிக்கொண்டால் உடனே எடுத்துவிடுவார்.

"திருப்பிக்கிச்சின்னா போதும்னு அர்த்தம். நமக்குப் போதும்னா சொல்றோமில்ல, அதுவும் சொல்லுது."

எங்கள் பகுதிக்கு அவர் மாற்றலாகி வந்த புதிதில் கேட்ட முதல் கேள்வியை மறக்க முடியாது. "இந்த ஊர்ல எல்லா வீட்லயும் அள்ள அள்ளக் கெடைக்கறது என்ன?"

"உப்பு மேடம்" என்றேன். மரக்காணத்தில் இதைக் கேட்கவும் வேண்டுமா?

"அப்போ அதத்தான் மொதல்ல வேணாம்னு சொல்லணும். வீட்ல இருக்கறத தட்டுல கொட்டி அளைய விடுங்கன்னு நீங்க பாட்டுக்குச் சொல்லிட்டு வந்துடுவீங்க. அவங்க அரிசியக் கொட்ட மாட்டாங்க, உப்பத்தான் கொட்டுவாங்க. அது வாய்ல போட்டுக்கும். கைக்கொழந்த வயித்துக்கு அவ்ளோ உப்பு போனா ஆபத்து. சத்துமாவ பெசஞ்சி குடுங்க. கையிலயும் ஒட்டும், தின்னாலும் ஒண்ணும் ஆகாது."

அன்றிலிருந்து கடைசிவரை நான் போன ஒவ்வொரு வீட்டிலும் முதல் வார்த்தை, உப்பு வேண்டாம் என்பதுதான். அந்தப் பெண்ணின் குரூப்பிலும் இதை முதலில் போடச் சொல்கிறேன்.

இனி அஞ்சலை.

அஞ்சலை உப்பளத்தில் உப்பு அள்ளுகிறவள். புருஷன் முருகன் உப்பு லாரியில் லோடு ஏற்றுகிறவன். கல்யாணமாகி வெகுகாலம் கழித்து ஒரு பெண் குழந்தை பிறந்தது, அதுவும் நாள் ஆவதற்கு முன்பே. புதுச்சேரியில் ஆஸ்பத்திரிப் பெட்டிக்குள் வைத்துக் காப்பாற்றினார்கள். உயிர் தங்கியது, பார்வை தங்கவில்லை. கண்ணுக்கு உள்ளே இருக்கும் திரை கெட்டுவிட்டது, இனிமேல் செய்வதற்கு ஒன்றுமில்லை என்று டாக்டர் சொல்லிவிட்டார். யாழினி என்று பெயர் வைத்து வீட்டுக்குத் தூக்கி வந்தார்கள்.

எடை போடும் தராசோடு நான் போனபோது குழந்தைக்கு ஆறு மாதம் இருக்கும். கொழுகொழுவென்று தலை நிறைய முடியோடு பாயில் படுத்திருந்தது. குழந்தையைக் கண்டால் நம் வாய் என்ன சொல்லும்? "யாரு வந்திருக்கா பாரு! டீச்சர் வந்திருக்கேன் பாரு! இங்க பாரு கண்ணு!" என்று கொஞ்சியபடி குனிந்தேன்.

"அந்த வார்த்தைய இந்த வீட்ல சொல்லாதீங்க டீச்சர்."

அஞ்சலை அடுப்பங்கரையிலிருந்து வந்து நின்றாள். கோபமில்லை. குரலில் எதுவுமே இல்லை. எந்த வார்த்தை என்று எனக்கு ஒரு கணம் புரியவில்லை. புரிந்ததும், குனிந்தவள் நிமிர்ந்துகொண்டேன்.

டாக்டர் சொன்ன நாளிலிருந்து அந்த வீட்டில் 'பாரு' என்று யாரும் சொல்லக்கூடாது. முருகனுக்கும் தடை, பக்கத்து வீட்டுக்காரிக்கும் தடை. அந்த ஒரு வார்த்தை இல்லாமல் தமிழில் பேசிப் பாருங்கள், தெரியும். பார்த்தீர்களா, நானே சொல்லிவிட்டேன்! 'போய்ப் பாத்துட்டு வர்றேன்' என்று சொல்ல முடியாது. 'அப்பறம் பாக்கலாம்' என்று சொல்ல முடியாது. முருகன் பேச ஆரம்பித்து, பாதியில் விழுங்கி, துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு வெளியே போய்விடுவான். வேறு வார்த்தை தேடித் தேடிச் சலித்துப்போய், பேச்சே நின்றுவிட்ட வீடு அது. அதிலும் அஞ்சலை குழந்தையிடம் பேசுவதை அடியோடு விட்டுவிட்டாள். காக்கா பாரு, நிலா பாரு, அப்பா வர்றாரு பாரு என்பதை விட்டால் கைக்குழந்தையிடம் பேச அவளுக்கு வேறு என்ன தெரியும்?

அவள் குழந்தையைத் தூக்குவதை அடுத்த தடவைதான் கவனித்தேன். குழந்தையைப் பக்கத்து வீட்டில் விட்டுப் போனவள் உப்பளத்திலிருந்து வந்தாள். குளித்தாள். பழைய வேட்டித் துணியைக் கிழித்து இரண்டு உள்ளங்கையிலும் சுற்றிக்கொண்டாள். உப்புத் தண்ணீர் பட்டுப் பட்டு வெடித்த கைகள், குழந்தையின் தோலைக் கீறிவிடும் என்று பயம். பூனைபோல வந்து குனிந்து சட்டென்று தூக்கினாள். அவ்வளவுதான், குழந்தை கையை விரித்து உதறி, உடம்பை விறைத்துக்கொண்டு வீறிட்டது. அடுத்த தெருவுக்குக் கேட்டிருக்கும். கீழே விட்டதும் அடங்கியது.

"எம் புள்ளைக்கே என்னைப் புடிக்கல டீச்சர்" என்றாள். அழாமல் சொன்னாள். "எங்க அண்ணி தூக்கினா சிரிக்குது."

அண்ணி என்றது முருகனின் அக்கா விஜயாவை. பிரம்மதேசத்தில் வாழ்க்கைப்பட்டவள். நிலம், மாடு, பெரிய வீடு எல்லாம் உண்டு, குழந்தை இல்லை. அடிக்கடி பஸ் ஏறி வந்துவிடுவாள். இரண்டு கையிலும் முழங்கைக்குப் பாதி தூரம் கண்ணாடி வளையல். தங்கமான மனுஷி, இதை நான் முதலிலேயே சொல்லிவிட வேண்டும். அவள் தூக்கினால் குழந்தை சிணுங்குவதுகூட இல்லை. அதைப் பார்த்துப் பார்த்து முருகனே ஒரு முடிவுக்கு வந்துவிட்டான்.

"மழைக்கு வேல நின்னாலும் தை பொறந்தா மறுபடி உப்பளம் தொறந்துருவாங்க டீச்சர். இவ வேலைக்குப் போயிடுவா. புள்ளையும் இவகிட்ட ஒட்ட மாட்டேங்குது. அக்கா பிரம்மதேசத்துக்கு இட்டுனு போயிடட்டும். அங்க நல்லா வளரும்."

அஞ்சலை அதற்கு ஒன்றும் சொல்லவில்லை. சம்மதம் என்று அவன் எடுத்துக்கொண்டான். அவள் முகத்தைப் பார்த்த எனக்கு அப்படித் தோன்றவில்லை. எனக்கு ஆத்திரமாக வந்தது, யார் மேல் ஆத்திரப்படுவது என்றுதான் தெரியவில்லை.

விஜயா வந்திருந்த ஒரு நாளில் மேடத்தை அழைத்துப் போனேன். பக்கத்து வீட்டம்மாவும் அங்கே இருந்தாள். மேடம் கை கழுவினார், வாட்சைக் கழற்றினார், வாசலில் நின்று பெயரைச் சொன்னார். அப்புறம் குழந்தைக்குப் பக்கத்தில் என்னை உட்கார வைத்து, "கண்ண மூடிக்கோங்க. யார் வர்றாங்கன்னு சொல்லுங்க" என்றார்.

மூடிக்கொண்டேன். கலகலவென்று சத்தம் வந்தது. "விஜயா" என்றேன். கொலுசும் கூடவே ஒரு பெருமூச்சும் வந்தது. "பக்கத்து வீட்டம்மா." பிறகு ஒன்றுமே இல்லை. காற்றில் தென்னை ஓலை உரசும் சத்தம் மட்டும் கேட்டது. திடீரென்று என் தோளில் ஒரு துணி பட்டது. தூக்கிவாரிப் போட்டது எனக்கு. "ஐயோ" என்று அலறியேவிட்டேன். கண்ணைத் திறந்தால் அஞ்சலை நிற்கிறாள்.

"உங்களுக்கே இப்டி இருக்குதே. அதுக்கு எப்டி இருக்கும்?" என்றார் மேடம்.

உப்பளத்துப் பெண்கள் கையில் கண்ணாடி வளையல் தங்காது, கூடை சுமக்கும்போது உடைந்துவிடும். ஒரு பிளாஸ்டிக் வளையலை முழங்கைக்கு மேலே ஏற்றி விட்டிருப்பார்கள், அது சத்தம் போடாது. கொலுசை உப்புத் தண்ணீர் தின்றுவிடும் என்று காலிலும் ஒன்றும் போட மாட்டார்கள். பேச்சையும் நிறுத்திவிட்டாள். கைக்குத் துணி வேறு. அந்தக் குழந்தைக்கு அம்மா என்றால், இருட்டிலிருந்து சொல்லாமல் கொள்ளாமல் வந்து தூக்குகிற ஒரு துணி. அதனால்தான் வீறிட்டிருக்கிறது. பிடிக்காமல் அல்ல, பயந்துபோய்.

மேடம் அதை அஞ்சலையிடம் சொன்னார். "மொதல்ல சத்தம். அது தெரிஞ்சிக்கட்டும். அப்பறம் தொடு. வேற ஒண்ணும் இல்ல."

"என்ன சத்தம் போடறது மேடம்?"

"பேசேன்."

அஞ்சலை தலையைக் குனிந்துகொண்டாள். மேடம் வற்புறுத்தவில்லை. "சரி, அந்தத் துணிய அவிழு" என்றார்.

அவிழ்க்க மனசில்லாமல் அவிழ்த்தாள். அந்தக் கைகளை நான் அன்றுதான் முழுதாகப் பார்த்தேன். பிளவு பிளவாக வெடித்து, ஓரமெல்லாம் வெளுத்துக் காய்த்திருந்தன. வெட்கப்பட்டு இரண்டு கையையும் ஒன்றோடொன்று வைத்துத் தேய்த்துக்கொண்டாள். சரக், சரக் என்று கேட்டது. காய்ந்த ஓலையைத் தேய்த்த மாதிரி இருந்தது.

பாயில் கிடந்த குழந்தை கையைக் காலை ஆட்டிக்கொண்டிருந்தது. சட்டென்று ஆட்டத்தை நிறுத்தியது.

"இன்னொரு தடவ" என்றார் மேடம்.

சரக், சரக். குழந்தை தலையைத் திருப்பவில்லை. நான் அதைத்தான் எதிர்பார்த்துக்கொண்டிருந்தேன். மேடம் என் காதோரம், "மூஞ்சியப் பாக்காதீங்க, கையப் பாருங்க. இந்தக் கொழந்தைக்கு மூஞ்சி கையிலதான் இருக்குது" என்றார். மூடியிருந்த பிஞ்சு விரல்கள் ஒவ்வொன்றாகத் திறந்துகொண்டிருந்தன.

"இதான் உன் வளையல்" என்று அஞ்சலையிடம் சொல்லிவிட்டு மேடம் குடையை எடுத்துக்கொண்டார்.

அன்றிலிருந்து அவள் வாசலிலேயே கையைத் தேய்த்துக்கொண்டு வருவாள். பக்கத்தில் உட்கார்ந்து இன்னொரு முறை தேய்ப்பாள். அப்புறம் பாதத்தில் தொடுவாள். சில நாள் அழுதது, பிறகு சிணுங்கியது, பிறகு அதுவும் நின்றது. நான் வாரம் தவறாமல் போய் ஒரு விளையாட்டைச் சேர்த்தேன். அகலத் தட்டில் வெதுவெதுப்பான தண்ணீர் ஊற்றிக் குழந்தையின் காலை அதில் வைத்தோம். சத்துமாவைப் பிசைந்து கொடுத்ததும் அது முடிவரை பூசிக்கொண்டு வீட்டையே நாசம் செய்தது. சணல் சாக்கில் ஒரு நாள், பட்டுத் துணியில் ஒரு நாள் படுக்க வைத்தோம். சவுக்குக் காயைக் கையில் உருட்டினோம், கூடவே உட்கார்ந்து, வாய்க்குக் கொண்டுபோகுமுன் வாங்கிவிடுவோம். மல்லித்தழையைக் கசக்கி மூக்கருகே கொண்டுபோனோம். காலி டின்னில் விரலால் தட்டிவிட்டு, குழந்தை திருப்பித் தட்டுகிறதா என்று காத்திருந்தோம். காசு கொடுத்து வாங்கியது ஒன்றுகூட இல்லை. எல்லாவற்றையும் அஞ்சலை வாயே திறக்காமல் செய்தாள்.

ஐப்பசி மழை பிடித்துக்கொண்டது. பாத்தியெல்லாம் தண்ணீருக்குள் போய், உப்பளத்தில் வேலை நின்றது. எல்லோரும் வீட்டில் இருந்தார்கள். எனக்கு நிம்மதி, இனி அஞ்சலை நாள் முழுதும் குழந்தையோடு இருக்கலாமே என்று.

ஒரு நாள் தூறலில் குடை பிடித்துக்கொண்டு போனேன். வீட்டுக்குப் பின்னால் கைபம்பு அருகே அஞ்சலை குந்தியிருந்தாள். ஒரு பிடி கல் உப்பை உள்ளங்கையில் வைத்துத் துணி துவைக்கும் கல்லில் பரபரவென்று தேய்த்துக்கொண்டிருந்தாள். கல் மேல் ரத்தம் இழுகியிருந்தது.

"அடிப்பாவி! என்னாடி பண்ற?" என்று குடையைப் போட்டுவிட்டு ஓடினேன்.

அவள் கையை விடுவித்துக்கொள்ளப் பார்த்தாள். "கை ஆறிப்போச்சி டீச்சர். வேலைக்குப் போவாததால வெடிப்பு மூடிக்கிச்சி. நேத்து தேய்க்கறேன், சத்தமே வரல. புள்ள பயந்துகிட்டு அழுதுச்சி. கை ஆறிடுச்சின்னா அது என்னைத் தெரிஞ்சிக்காதே! தைக்குள்ள அண்ணி வந்துரும் டீச்சர்..."

சொல்லிவிட்டு அப்போதுதான் அழுதாள். டாக்டர் சொன்ன நாளில் அழாதவள், இத்தனை மாதம் அழாதவள், மழையில் உட்கார்ந்துகொண்டு அப்படி அழுதாள். நானும் அழுதேன். அதில் எனக்கு வெட்கமில்லை. கையைக் கழுவித் தேங்காய் எண்ணெய் தடவிவிட்டு நேரே போய் மேடத்துக்குப் போன் போட்டேன்.

மேடம் மறுநாளே வந்தார். நனைந்த புடவையோடு வாசலில் நின்று பெயரைச் சொன்னார். உட்கார்ந்தார். அஞ்சலையின் கையைத் திருப்பிப் பார்த்தார். திட்டவில்லை.

"கை ஆறினா ஆறட்டும். வாய் இருக்குதில்ல?"

"வாயத் தொறந்தா அந்த வார்த்ததான் மேடம் வருது. வயித்துல இருந்தப்பவே, பொறந்ததும் கடல் காட்டணும், தேர் காட்டணும்னு சொல்லிச் சொல்லி வச்சிருந்தேன். இப்ப எந்த வாயோட அத பாருன்னு..." பாதியில் நிறுத்திக்கொண்டாள்.

மேடம் அவள் கையை மெதுவாக அவள் மடியிலேயே வைத்தார். அப்புறம், "எலுமிச்சம்பழம் இருக்குதா?" என்றார். முருகன் நிலைப்படியில் கட்டியிருந்த பழத்தை எட்டிப் பார்த்தான். "அது வேணாம்பா, நல்லதா ஒண்ணு" என்றார். பக்கத்து வீட்டிலிருந்து ஒன்று வந்தது. நன்றாகக் கழுவி அஞ்சலையிடம் கொடுத்தார்.

"கொழந்த கையில வை. என்ன செய்யணும்னு அதுகிட்ட சொல்லு."

அஞ்சலை பழத்தைக் குழந்தையின் புறங்கையில் வைத்தாள். விரல்கள் திறந்தன. "தொட்டு..." என்றாள். நின்றுவிட்டாள்.

"சொல்லு."

"தொட்டு..."

"சொல்லும்மா."

"தொட்டுப் பாரு."

முருகன் சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டான். மேடம் விடவில்லை. பழத்தை நகத்தால் கீறி, "மூக்குகிட்ட வச்சி என்ன சொல்லுவ?" என்றார்.

"மோந்து பாரு."

"இந்தா, இத்துணூண்டு நாக்குல வை. என்ன சொல்லுவ?"

"நக்கிப் பாரு."

குழந்தை முகத்தைச் சுளித்து, தோளைக் குலுக்கி, மறுபடியும் நாக்கை நீட்டியது.

"இதுல கண்ணு எங்கம்மா வந்துச்சி?" என்றார் மேடம். அதட்டலாக அல்ல, நிஜமாகவே கேட்பதுபோல. "கேட்டுப் பாருன்னு சொல்றோம். தூக்கிப் பாருன்னு சொல்றோம். நடந்து பாருன்னு சொல்றோம். கண்ணால பாக்கறது ஒண்ணுதான் அதுக்கு இல்ல. மிச்சம் எல்லாத்தையும் ஏன் புடுங்கி வச்சிருக்க?"

அஞ்சலை குழந்தையை வாரி மடியில் போட்டுக்கொண்டாள். முன்னெச்சரிக்கைச் சத்தம் எதுவும் போடவில்லை, ஆனால் அது அழவில்லை. அவள் பேசிக்கொண்டே தூக்கியிருந்தாள். தொட்டுப் பாரு, அம்மா கையத் தொட்டுப் பாரு, மழையக் கேட்டுப் பாரு, என் தங்கம், கேட்டுப் பாரு என்று அத்தனை மாதம் அடைத்து வைத்திருந்ததெல்லாம் கொட்டியது. நாங்கள் கிளம்பியது அவளுக்குத் தெரியாது. மேடம் பஸ் ஸ்டாப்பில் நின்று மூக்கைத் துடைத்துக்கொண்டார். மழையில் நனைந்ததால் என்று நான் நினைத்துக்கொண்டேன்.

பொங்கல் முடிந்ததும் விஜயா வந்தாள். குழந்தைக்குப் புதுச் சட்டை, பால் புட்டி, மெத்தைபோல தைத்த துணி எல்லாம் ஒரு பெரிய பையில் கொண்டுவந்திருந்தாள். எத்தனை நாள்தான் பக்கத்து வீட்டில் விடுவது என்று, முருகன் முடிவை மாற்றாமல் ஆட்டோவுக்குச் சொல்லிவிட்டிருந்தான். நான் வேண்டுமென்றேதான் அந்த நேரத்துக்குப் போயிருந்தேன். சொல்ல எனக்கு எந்த உரிமையும் இல்லை, இருந்தாலும் போயிருந்தேன்.

குழந்தை நடுவில் உட்கார்ந்திருந்தது. விஜயாவின் வளையல் சத்தத்துக்கு வழக்கம்போலச் சிரித்தது. அஞ்சலை மூலையில் நின்றாள். அவள் கைகள் முழுதாக ஆறி, மிருதுவாகியிருந்தன. தேய்த்தாலும் சத்தம் வராது.

"அண்ணி, ஒரே ஒரு தடவ நா கூப்புடறேன். வரலன்னா இட்டுனு போங்க" என்றாள்.

முருகன் ஏதோ சொல்ல வாயெடுத்தான். விஜயா கையமர்த்தினாள். பிறகு அவள் செய்ததுதான் எனக்கு இன்றைக்கும் நெஞ்சில் நிற்கிறது. இரண்டு கை வளையல்களையும் முழங்கைவரை ஏற்றி, முந்தானையை இறுக்கமாகச் சுற்றி, ஒன்றோடொன்று இடிக்காமல் பிடித்துக்கொண்டாள். மூச்சைக்கூட அடக்கிக்கொண்டு நின்றாள்.

"கூப்புடு அஞ்சல" என்றாள்.

அஞ்சலை அந்த மூலையிலேயே உட்கார்ந்தாள். "யாழினி, அம்மா இங்க இருக்கேன் பாரு" என்றாள்.

நான் முகத்தைப் பார்க்கவில்லை, கையைப் பார்த்தேன். விரல்கள் திறந்தன. ஒரு கையைத் தரையில் ஊன்றியது. மற்ற கையை முன்னால் நீட்டித் துழாவியது. அதுவரை தவழாத குழந்தை. கண் தெரிகிற பிள்ளைகள் பொம்மையைப் பார்த்து ஆசைப்பட்டுத் தவழும், இதற்கு எதைப் பார்த்து ஆசை வரும் என்று நானே மேடத்திடம் கேட்டிருக்கிறேன். அஞ்சலை எழுந்து வந்து தூக்கவில்லை. உட்கார்ந்த இடத்திலேயே, "வந்து பாரு, அம்மாகிட்ட வந்து பாரு" என்று சொல்லிக்கொண்டே இருந்தாள். அது நகர்ந்தது. வயிறு தரையில் உரச, நின்று நின்று கேட்டு, அவள் குரல் இருந்த மூலைக்கே போய் அவள் முழங்காலைப் பிடித்துக்கொண்டது.

வெளியே ஆட்டோக்காரன் ஹாரன் அடித்தான்.

விஜயா முந்தானையை அவிழ்த்தாள். வளையல்கள் கலகலவென்று இறங்கின. குழந்தை அந்தப் பக்கம் காதைக் கொடுத்தது, ஆனால் பிடித்த முழங்காலை விடவில்லை. விஜயா கண்ணைத் துடைத்துக்கொண்டு, கொண்டுவந்த பையைப் பிரித்துப் புதுச் சட்டைகளை எடுத்துக் கொடியில் போட ஆரம்பித்தாள்.

"அக்கா?" என்றான் முருகன்.

"இன்னாடா அக்கா? ஆட்டோவ போகச் சொல்லு. எங்க ஊர்ல அறுப்பு முடிஞ்சிபோச்சி, உங்க மாமா கொஞ்ச மாசம் தானே சமச்சித் துன்னா கொறஞ்சி போயிட மாட்டாரு." அஞ்சலையிடம் திரும்பினாள். "நீ நிம்மதியா வேலைக்குப் போயிட்டு வா அஞ்சல. வர்ற வரிக்கும் நா பாத்துக்கறேன்."

சொல்லிவிட்டு நாக்கைக் கடித்துக்கொண்டாள். அஞ்சலை சிரித்தாள். அவள் சிரித்து நான் பார்த்தது அதுதான் முதல் தடவை. "பாத்துக்கோங்க அண்ணி" என்றாள்.

அதற்குப் பிறகு வந்த ஒவ்வொரு உப்புக் காலத்திலும் விஜயா பிரம்மதேசத்திலிருந்து வந்து தங்கினாள். மேடம் வேறு ஊருக்கு மாற்றலாகிப் போனார். போகும்போதும் என்னைப் பாராட்டவில்லை. "கொழந்த என்ன பண்ணுதுன்னு பாத்துக்கிட்டே இருங்க" என்று மட்டும் சொன்னார்.

நான் ஓய்வுபெற்ற அன்று பால்வாடியில் சால்வை போட்டார்கள், கேசரி கொடுத்தார்கள். கூட்டம் கலையும் நேரத்தில் அஞ்சலை வந்தாள். அவள் முழங்கையைப் பிடித்துக்கொண்டு நெடுநெடுவென்று வளர்ந்த ஒரு பெண். சென்னையில் ஹாஸ்டலில் தங்கிப் படிக்கிறாள், எனக்காகவே லீவு போட்டு வந்திருக்கிறாள்.

"டீச்சர்! உங்களப் பாத்து எவ்ளோ நாளாச்சி!" என்றாள் யாழினி.

எனக்குப் பதிலாக வந்திருக்கும் அந்தப் பெண் பக்கத்தில் நின்றுகொண்டிருந்தாள். அவளுக்குச் சட்டென்று முகம் மாறிவிட்டது. என்ன சொல்வதென்று தெரியாமல் கேசரித் தட்டைப் பார்த்துக்கொண்டாள். நான் யாழினியின் கைகளை எடுத்து என் கன்னத்தில் வைத்தேன். விரல்கள் மெதுவாகத் திறந்தன. நெற்றி, கண், கன்னத்துக் குழி, கழுத்து எலும்பு என்று ஒவ்வொன்றாகப் போயின.

"எளச்சிட்டீங்களே டீச்சர்" என்றாள்.

வயசாகுதில்ல என்று சொல்ல வாயெடுத்தேன். அதற்குள் பின்னாலிருந்து அஞ்சலை சொன்னாள்.

"நல்லா பாருடி. நல்லா பாத்துக்கோ."